தலையிடியும் நித்திரையும்: இடிக்கிற நேரத்தை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

தலையிடிக்கிறது என்று சொன்னால் இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் முதலில் வரும் கேள்வி "பனடோல் போட்டாச்சா?" என்பது, அடுத்தது "பிரஷர் பார்த்தாச்சா?" என்பது. இரண்டும் தேவைப்படலாம். ஆனால் அவற்றுக்கு முதல் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது, வைத்தியசாலை வெளிநோயாளர் (ஓபிடி) வரிசையில் அதைக் கேட்க ஒருவருக்கும் நேரம் கிடைப்பதில்லை: தலையிடி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, அதற்கு முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்? திரும்பத் திரும்ப வருகிற தலையிடிகளில் நிறைய, இந்த ஒரு கேள்வியிலேயே பாதி பிடிபட்டுவிடும்.

காரணம் சின்னது. மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதிதான் நித்திரைக்கும் விழிப்புக்கும் நேரம் வைக்கிறது, தலைவலியைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. நித்திரை கெட்டால் வலியைத் தாங்கும் அளவு இறங்குகிறது. வலி இருந்தால் நித்திரை கெடுகிறது. எங்கே இருந்து தொடங்கியது என்று தெரியாமல் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும்.

பிரஷரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கூடின பிரஷர் பொதுவாகத் தலையிடி தராது, 180க்கு 120 என்ற அளவில் ஏறினால்தான் தரும். ஆகவே பிரஷர் சாதாரணம் என்று சொன்னதும் "அப்ப ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

முதலில் இதைப் பாருங்கள்: வீட்டில் வைத்திருக்கக் கூடாத தலையிடி

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போன, வாழ்க்கையில் இதுவரை வராத தலையிடி, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்தல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு அல்லது தடுமாற்றம், தலையில் அடிபட்ட பிறகு வருகிற தலையிடி. இவற்றில் எதுவானாலும் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கர்ப்பிணிக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு கடும் தலையிடி, கண்ணில் பூச்சி பறத்தல், மேல்வயிற்று வலி என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி தொடங்கி, நெற்றிப்பொட்டைத் தொட்டால் நோகிறது, சாப்பாட்டை மெல்லத் தாடை வலிக்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும், ஏனென்றால் பிந்தினால் பார்வை போய்விடலாம். படுத்தாலும் இருமினாலும் கூடுகிற, விடியப்புறம் சத்தியோடு (வாந்தியோடு) வருகிற, கிழமைக்குக் கிழமை மோசமாகிற தலையிடிக்கும் ஸ்கான் தேவைப்படும்.

வயலில் இறங்கிய ஆளுக்குக் காய்ச்சல், கடும் தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். டெங்கும் தலையிடியோடுதான் தொடங்கும். காய்ச்சல் தலையிடிக்குப் பனடோலைத் தவிர வேறு வலிக் குளிசை, அதாவது டைக்ளோபினாக், இபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

இவை ஒன்றும் இல்லையென்றால் கலண்டரை எடுங்கள். சுவரில் தொங்கும் கலண்டரே போதும். இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாள் கட்டத்திலும் படுத்த நேரம், எழும்பின நேரம், தலையிடி தொடங்கின நேரம், போட்ட குளிசை எத்தனை, கடைசித் தேத்தண்ணி எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அதை வைத்துக்கொண்டு கீழே உங்களுடையது எது என்று தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டதும் பொருந்தலாம், அது வழமைதான்.

கண் விழிக்கும்போதே தலை முழுக்கப் பாரம், காலைச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தானாக விட்டுப்போகிறது

இரண்டு பக்கமும் அழுத்துகிற மாதிரி இருக்கும், சத்தி வராது, வெளிச்சம் கூசாது, நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடும், மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வரும். இப்படியானால் கேட்க வேண்டியது உங்களிடம் அல்ல, பக்கத்தில் படுப்பவரிடம். "இஞ்சை, நான் குறட்டை விடுறனா? இடையில மூச்சு நிக்குதா?" என்று கேளுங்கள். பலமான குறட்டை, பிறகு பத்துப் பதினைந்து விநாடி சத்தமே இல்லை, பிறகு மூச்சுத் திணறி ஒரு இழுப்பு, மறுபடி குறட்டை. நித்திரையில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது, ஒட்சிசன் இறங்குகிறது, மூளை உங்களை அரைவிழிப்புக்குக் கொண்டுவந்து மூச்சைத் திறக்கிறது. இரவில் இது எத்தனையோ தடவை நடக்கும், உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது. எட்டு மணித்தியாலம் படுத்தும் களைப்பு ஆறாமல் எழும்புவீர்கள், அவ்வளவுதான் தெரியும். தனியாகப் படுப்பவர் போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுப் படுத்தால் காலையில் கேட்கலாம்.

உடம்பு கூடினவர்களுக்கும் கழுத்துத் தடித்தவர்களுக்கும் இது அதிகம், மெலிந்தவர்களுக்கும் வரும். டொன்சில் வீங்கின பிள்ளைகளுக்கும் வரும்: குறட்டை விடுகிற, வாயால் மூச்சு விடுகிற, வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று அடிக்காதீர்கள், காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

செய்யக்கூடியது: மல்லாந்து படுக்காமல் பக்கவாட்டில் படுப்பது, பின்னேரத்துக்குப் பிறகு கள்ளோ சாராயமோ கசிப்போ எதுவும் எடுக்காதது, கூடின உடம்பைக் குறைப்பது. நித்திரைக் குளிசையை வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், தளர்ந்த தொண்டையை அது இன்னும் தளர்த்தும். கட்டுப்படாத பிரஷரும் இதோடு கூட்டு வரும், ஆகவே பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர்கள் குறட்டையையும் அங்கே சொல்லுங்கள். நித்திரைப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள், தேவைப்பட்டால் மூச்சுவழியைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் சீபாப் என்ற மெஷின் தருவார்கள். ஏ9 வீதியில் பஸ்ஸும் டிப்பரும் ஓட்டுகிறவர்களை நான் தனியாகக் கெஞ்சிக் கேட்கிறேன்: பகலில் ஸ்டியறிங்கில் கண் செருகுகிறது, காலையில் தலை பாரம், வீட்டில் குறட்டை என்று சொல்கிறார்கள் என்றால் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள்.

கண் விழிக்கும்போது நெற்றிப்பொட்டும் தாடையும் நோகிறது

நித்திரையில் பல் நெறுமுகிறீர்கள். பல்லின் மேற்பரப்பு தேய்ந்திருக்கும், கன்னத்தின் உட்பக்கம் கடிபட்ட கோடு தெரியும். பல் வைத்தியரிடம் போனால் இரவில் போட ஒரு தட்டுச் செய்து தருவார். மனப் பாரமும் பின்னேரத் தேத்தண்ணியும் இதைக் கூட்டும், குறட்டை இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விடிய வீட்டில் எல்லோருக்கும் தலையிடி, முற்றத்துக்கு வந்தால் குறைகிறது

இது நித்திரைப் பிரச்சினையே இல்லை, நித்திரையில் நடக்கிற ஆபத்து. மாரியில் கரண்ட் போன இரவு ஜெனரேற்றரை விறாந்தையில் ஓடவிட்டீர்களா? பிள்ளைப்பேற்று வீட்டில் கதவு யன்னலைச் சாத்திவிட்டுச் சிரட்டைத் தணல் வைத்தீர்களா? அப்படியென்றால் காபன் மொனொக்சைட், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. உடனே எல்லோரையும் வெளியே எடுங்கள், மயக்கமாக இருப்பவருக்கு 1990க்கு அழையுங்கள். இனி ஜெனரேற்றர் வீட்டுக்கு வெளியே, யன்னலை விட்டுத் தள்ளி. தணல் வைத்த அறையில் ஒருவரும் கதவைச் சாத்திப் படுக்கக் கூடாது, பச்சைப்பிள்ளை கட்டாயம் கூடாது.

நித்திரை குறைந்த மறுநாளோ கூடின மறுநாளோ ஒரு பக்கம் துடித்துத் துடித்து இடிக்கிறது

வெளிச்சம் கூசும், சத்தம் பிடிக்காது, வயிற்றைப் பிரட்டும், இருட்டு அறையில் போய்ப் படுக்கச் சொல்லும், மருந்தில்லாமல் விட்டால் 4 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலம் வரை நிற்கும். ஒற்றைத் தலையிடி. இந்த மூளைக்கு மாற்றம் பிடிக்காது என்பதுதான் விஷயம், நித்திரை குறைந்தாலும் அடி, கூடினாலும் அடி. அதனால்தான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளை கிழமை முழுக்க விடியப்புறம் எழும்பிச் சமைத்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி, ஞாயிற்றுக்கிழமை ஆறப் படுத்து ஒன்பது மணிக்குக் கண் விழிக்கும்போது தலையிடியோடு விழிக்கிறாள். வீட்டில் "கூடப் படுத்தால் இப்படித்தான்" என்று பேச்சு வேறு. அவள் பிழை ஒன்றும் இல்லை. கிழமை முழுக்க இழந்த நித்திரை, நேரம் மாறின விழிப்பு, பிந்தின சாப்பாடு, வழக்கமான தேத்தண்ணி பிந்தினது, நாலும் ஒரே காலையில் சேர்ந்துவிடுகின்றன.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவு முழுக்க விழித்திருந்து வைகாசி வெயிலில் பஸ் ஏறுகிறவர்களுக்கும், நெல் விளைகிற தை மாசியில் யானைக்காவலுக்குக் கொட்டிலில் இருந்து ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து படுப்பவர்களுக்கும், முல்லைத்தீவுப் பக்கம் இரவுக்கடலுக்குப் போய் வருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

திருத்துவது எப்படி? எழும்புகிற நேரத்தை முதலில் கட்டிப் போடுங்கள், படுக்கிற நேரத்தை அல்ல. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வழமையை விட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தாமல் எழும்பி, ஒரு தேத்தண்ணியும் ஏதாவது சாப்பாடும் எடுத்துவிட்டு, அலுப்பு இருந்தால் மத்தியானம் அரை மணித்தியாலம் சரியுங்கள். காவலுக்குப் போகிறவர்கள் ஆள் மாற்றி, ஒவ்வொருவருக்கும் இடையூறில்லாத ஒரு நாலு மணித்தியாலமாவது கிடைக்கும்படி பிரித்துக்கொள்ளுங்கள், எல்லோரும் சேர்ந்து முழு இரவும் அரைகுறையாக விழித்திருப்பதை விட அது எவ்வளவோ மேல். கடலால் வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் படுங்கள், அறையை இருட்டாக்குங்கள், அப்பா படுத்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

குளிசை போடுவதென்றால் தொடக்கத்திலேயே போடுங்கள், சத்தி வரத் தொடங்கின பிறகு வயிறு அதைச் சரியாக எடுக்காது. மாதத்தில் நாலு நாளுக்கு மேல் இப்படி வந்தால் தடுப்பு மருந்து உண்டு: புரோப்ரனலோல், அமிற்றிப்டிலின் போன்றவை. அமிற்றிப்டிலினை இரவில் எடுப்பார்கள், நித்திரைக்கும் உதவும். புரோப்ரனலோல் தொய்வு (ஆஸ்துமா) இருப்பவருக்கு ஆகாது, ஆகவே தொய்வு இருந்தால் வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். இன்னொன்று, தலையிடிக்கு முதல் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிகிற பெண்கள் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும், சில வகைக் குளிசைகள் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

படுத்தால் நித்திரை வருவதில்லை, மறுநாள் பின்னேரம் தலையைச் சுற்றி இறுக்குகிறது

கழுத்தும் தோளும் விறைத்திருக்கும், துடிப்பு இருக்காது, வேலை செய்யலாம் ஆனால் எரிச்சல். நித்திரையின்மையும் இறுக்கத் தலையிடியும் சேர்ந்து வருவது இது. பலர் செய்வது என்னவென்றால் நேற்று நித்திரை இல்லை என்று இன்று எட்டு மணிக்கே படுக்கப் போவது, வராத நித்திரையைப் புரண்டு புரண்டு தேடுவது. அது இன்னும் கெடுக்கும். உண்மையாக நித்திரை வரும்போது மட்டும் படுங்கள். இருபது நிமிடம் அளவில் வரவில்லை என்று தோன்றினால் எழும்பி வெளியே வந்து மங்கின வெளிச்சத்தில் இருங்கள், போனைத் தொடாமல், கண் கனக்கும்போது திரும்பப் போங்கள், தேவையென்றால் அதையே நாலு தடவை செய்யுங்கள். எத்தனை மணிக்கு நித்திரை வந்தாலும் எழும்புவது ஒரே நேரம். முதல் கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும், பகலில் ஆளை ஆட்டும், ஆனால் சில கிழமைகளில் பாய் என்றால் நித்திரை என்று உடம்பு பழகிக்கொள்ளும். இது குளிசையை விட நீண்டகாலம் நிற்கிற வைத்தியம்.

தேத்தண்ணி: கஃபீனில் பாதி உடம்பை விட்டுப்போகவே ஐந்து மணித்தியாலம் அளவு எடுக்கும். பின்னேரம் ஐந்து மணிக்குக் குடித்த சாயத் தேத்தண்ணியில் பாதி இரவு பத்து மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது. மத்தியானத்தோடு நிறுத்துங்கள். நாளுக்கு ஆறு ஏழு தேத்தண்ணி குடிக்கிறவர் ஒரேயடியாக விட்டால் அதற்கே தலையிடி வரும், ஒரு கிழமை வரை நிற்கலாம், ஆகவே ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.

அப்புறம் வெக்கை. தகரக் கூரையின் கீழ் இரவு பத்து மணிக்கும் அனல் இறங்குகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன, அந்த வீட்டில் நித்திரை வராததற்கு மனதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பின்னேரம் கூரைக்கும் நிலத்துக்கும் தண்ணீர் தெளிப்பது, கூரையின் மேல் கிடுகு போடுவது, வலை கட்டி விறாந்தையில் படுப்பது எல்லாம் உண்மையில் உதவும். பகல் வயலில் நின்றவர் தண்ணீர் போதாமல் படுத்தாலும் தலையிடிக்கும், ஆனால் படுக்கிற நேரத்தில் ஒரேயடியாகக் குடித்தால் இரவில் சலத்துக்கு எழும்ப வேண்டி வரும், பின்னேரத்துக்கு முதலே குடித்து முடியுங்கள்.

ஒவ்வொரு நாளும் தலையிடி, ஒவ்வொரு நாளும் குளிசை

இந்த இடத்தில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பனடோல் போடுகிறவருக்குப் பனடோலே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கஃபீன் கலந்த குளிசை, கொடீன் கலந்த குளிசை, டிரமடோல் என்றால் 10 நாளே போதும். விடியப்புறம் மருந்தின் வேகம் இறங்குகிற நேரத்தில் தலையிடி எழுப்பும், குளிசை போட்டால் குறையும், மறுநாள் அதே நேரம் திரும்பும். கலண்டரில் குளிசைக் கட்டங்களை எண்ணிப் பாருங்கள், பலருக்கு அதைப் பார்த்த பிறகுதான் விளங்கும். கஃபீன் கலந்ததை இரவில் போட்டால் நித்திரையும் போகும், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

திருத்தம் என்பது நிறுத்துவதுதான். பனடோலை மட்டும் போடுகிறவர் ஒரேயடியாக நிறுத்தலாம். கொடீன், டிரமடோல் எடுப்பவர் வைத்தியரின் கண்காணிப்பில் படிப்படியாக. நிறுத்தின முதல் பத்து நாள் அளவுக்குத் தலையிடி கூடும், நித்திரை கெடும், எரிச்சல் வரும், அது எதிர்பார்த்ததுதான் என்று வீட்டுக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அம்மாவோ மனிசியோ பாவம் பார்த்து மூன்றாம் நாளே குளிசையைக் கையில் தந்துவிடுவார்கள். அறுவடை நாளிலோ சோதனை நாளிலோ தொடங்காதீர்கள்.

பனடோல் கேட்கவில்லை என்று டைக்ளோபினாக், இபுபுரோபன் பக்கம் போகிறவர்களுக்கு: வவுனியா மாவட்டம் காரணம் தெளிவாகத் தெரியாத சிறுநீரக நோய் பரவியிருக்கிற பகுதிகளில் ஒன்று. தண்ணீர் குறைந்த உடம்பில் இந்தக் குளிசைகள் சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும். வெயிலில் வேலை செய்து வந்து, தண்ணீர் குடிக்காமல், தலையிடிக்கு இதை விழுங்குவதை இன்றோடு விடுங்கள். சிறுநீரக கிளினிக்குக்குப் போகிறவர்கள் கடையில் கேட்டு எந்த வலிக் குளிசையும் வாங்க வேண்டாம்.

நடுச்சாமத்தில் தலையிடியே எழுப்புகிறது

இரண்டு வகை. 50 வயதைத் தாண்டினவர், ஒவ்வொரு இரவும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் எழும்புகிறார், தலை முழுக்க மந்தமாக இடிக்கிறது, கால் மணித்தியாலத்திலிருந்து நாலு மணித்தியாலம் வரை நிற்கிறது, பகலில் ஒன்றுமில்லை என்றால் அது நித்திரையில் மட்டும் வருகிற அரிய தலையிடி. இதற்கு மட்டும் படுக்க முதல் ஒரு கோப்பி உதவக்கூடும், ஆனால் முதலில் ஸ்கான் எடுத்து வேறொன்றும் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும்.

மற்றது, நித்திரைக்குப் போய் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் ஒரு கண்ணைச் சுற்றித் தாங்க முடியாத வலி, அந்தக் கண் சிவந்து நீர் வடியும், அந்தப் பக்க மூக்கு ஒழுகும், ஆள் படுக்க மாட்டாமல் எழும்பி நடப்பார். ஒற்றைத் தலையிடிக்காரர் அசையாமல் கிடப்பார், இவர் சுவரில் தலையை முட்டுவார், வித்தியாசம் அதில் தெரியும். 15 நிமிடத்திலிருந்து 3 மணித்தியாலம் வரை. பனடோலால் பயனில்லை, முகமூடி வழியாக வேகமாகக் கொடுக்கும் ஒட்சிசனுக்குக் கேட்கும். வைத்தியசாலையில் இந்த அறிகுறிகளை அப்படியே சொல்லி, நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் கேளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும்.

கனவில் திடுக்கிட்டு எழும்புகிறார், பிறகு விடியும்வரை நித்திரை இல்லை, தலையிடி வருடக்கணக்காக இருக்கிறது

2009இல் போர் முடிந்த பிறகு இதை எத்தனையோ வீடுகளில் "அவர் அப்படித்தான்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். வெடிச்சத்தம், கல்யாண வீட்டு வெடியோ யானைவெடியோ எதுவானாலும், உடம்பு தூக்கிப் போடும், அன்று இரவு கனவு, மறுநாள் தலையிடி. நித்திரையிலும் காவல் இருக்கிற உடம்பு தசையை இறுக்கி வைத்திருக்கிறது, ஆழ்ந்த நித்திரைக்குப் போவதில்லை. இதற்கு வைத்தியம் இருக்கிறது, இத்தனை வருடம் கழித்துத் தொடங்கினாலும் பலன் தரும். பேச்சு வழியாகச் செய்கிற வைத்தியமும் உண்டு, மருந்தும் உண்டு. மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுக்குப் போகலாம், போக முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். விடியப்புறம் மூன்று நாலு மணிக்கே விழிப்பு வந்து, ஒன்றிலும் மனம் செல்லாமல், சாப்பாடும் பிடிக்காமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

தலையிலோ முகத்திலோ உடம்பிலோ ஷெல் துண்டு இருப்பவர்கள் தலையிடிக்கு ஸ்கான் என்று எழுதினால் எந்த ஸ்கான் என்று கேளுங்கள். எம்ஆர்ஐ என்றால் அது காந்தத்தால் வேலை செய்கிற மெஷின், உள்ளே இருக்கும் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம், கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் பார்வைக்கே ஆபத்து. வைத்தியருக்கும் ஸ்கான் எடுக்கிறவருக்கும் இரண்டு பேருக்கும் சொல்லுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு போங்கள். சி.ரி. (CT) ஸ்கான் எக்ஸ்ரேயால் எடுப்பது, அதற்கு அந்தப் பயம் இல்லை. ஆற வைத்த காயம் என்று நீங்கள் மறந்திருக்கலாம், உங்களோடு கிளினிக்குக்கு வருகிற பிள்ளைக்கு அது தெரியாமலே இருக்கலாம், ஆகவே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எந்த இடத்தில் துண்டு இருக்கிறது என்று எழுதுவித்து, தலையிடிக் கலண்டரையும் அதற்குள் மடித்து வையுங்கள்.